காட்டுக்கு ஒரு சங்கம் வைத்தோம்

செஞ்சியில் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று முதன்முதலில் கிளம்பியவர்கள் மூன்று பேர். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தும் டீச்சர். இன்னொருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் நான். எனக்குச் செடியும் தெரியாது, பறவையும் தெரியாது. தாலுகா அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். ஒரு மனுவை எந்த மேசையில் கொடுத்தால் சாகும், எந்த மேசையில் கொடுத்தால் கொஞ்ச நாள் உயிரோடு கிடக்கும் என்பது மட்டும் தெரியும். அதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்கூட்டியில் எப்போதும் ஒரு பழைய செய்தித்தாள் கட்டு இருக்கும். தாள்களுக்கு நடுவில் இலைகளை அழுத்தி வைத்திருப்பார். பேசினால் பாடம் நடத்துவதுபோல் இருக்கும், ஆனால் தூக்கம் வராது. மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு மலை மலையாக அலைகிறவர். இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம்கூட கைப்பேசியை நீட்டி, "பாருங்க, தளவானூர் குகைக்கு மேல எடுத்தது. கொம்பன் ஆந்தை. எப்படி மொறைக்குது பாருங்க" என்பார். வந்தவர் இருமிக்கொண்டே பார்ப்பார்.

அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஒரே ஒரு மலைச்சரிவை. திருவண்ணாமலை சாலையில் ஊர் முடிந்ததும் இடதுபுறம் மண்பாதையில் போக வேண்டும். இந்தப் பக்கத்து மலைகள் எல்லாம் உருண்டைப் பாறைகளை லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல்தான் இருக்கும். அந்தப் பாறைகளுக்கு இடையில் துரிஞ்சி, வெப்பாலை, வக்கணை, களா, சூரை, காரை எல்லாம் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு நின்றன. உள்ளே நுழைந்தால் சட்டை கிழியும். அந்தப் பின்னல்தான் முக்கியம் என்றார் டீச்சர். அதற்குள் தேவாங்கு இருந்தது. மரத்துக்கு மரம் தாவத் தெரியாத பிராணி அது. கையெட்டும் தூரத்தில் அடுத்த கிளை இருந்தால்தான் நகரும். பின்னல் அறுந்தால் அது இருந்த இடத்திலேயே இருந்து சாக வேண்டியதுதான்.

மலையின் மேல்பாதி காப்புக்காடு. கீழ்ப்பாதியான இந்தச் சரிவு அரசாங்கப் புறம்போக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் எல்லை போட்டவர்கள் வெட்டினால் காசு வரும் மரங்களை எல்லைக்கு உள்ளே வைத்தார்கள். முள்ளை வெளியே விட்டார்கள். அந்தக் காலத்திலேயே செடி சேகரித்துக்கொண்டு திரிந்த மருத்துவர்கள் சிலர், மலையை மொட்டையடித்தால் மழை போய்விடும் என்று அரசாங்கத்துக்கு ஓயாமல் எழுதினார்களாம். டீச்சர் சொன்னார். அரசாங்கமும் காது கொடுத்ததாம், ரயில் பாதைக்குக் கட்டை தேவைப்பட்டபோது. இயற்கையை நேசிக்கிறவர்களின் பேச்சு எடுபட வேண்டுமென்றால் அதில் வேறு யாருக்காவது ஆதாயம் இருக்க வேண்டும். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அவலூர்பேட்டைப் பக்கம் ஜல்லி உடைக்கும் கிரஷர் வைத்திருக்கும் ஒருவர் அந்தச் சரிவைக் கல்குவாரிக்குக் கேட்டு விண்ணப்பித்தார். விஷயம் தெரிந்த அன்று மாலையே டீச்சர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், இதை நிறுத்த வழி இருக்குதா?"

"இருக்குது. அது காடுன்னு நிரூபிக்கணும்."

"காடுதான சார் அது."

"உங்களுக்கு. கணக்குல அது கல்லாங்குத்து. உழவுக்கு ஆகாத பாறை."

அவர் முகம் வாடியது. நான் மிச்சத்தையும் சொன்னேன். கணக்கில் என்ன பெயர் இருந்தாலும், நிலம் பார்வைக்குக் காடாக இருந்தால் அதைக் காடாகத்தான் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லியிருக்கிறது. அந்த அடிப்படையில் ஆட்சேபம் கொடுத்தால் அதிகாரிகள் நேரில் வந்து தணிக்கை செய்தாக வேண்டும். அவர்கள் கண்ணில் காடு பட்டால், அறிக்கையில் காடு என்று எழுதினால், குவாரிக்கு உரிமம் அவ்வளவு லேசில் கிடைக்காது.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர். "அப்போ அவங்க வந்து பாத்தா போதும் சார். பாத்தாலே தெரியும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

தனி ஆளாகவே ஆட்சேபம் கொடுக்கலாம் என்றேன். மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர் தனியா குடுத்தா, இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லன்னு தூக்கிப் போட்ருவாங்க சார். லெட்டர் பேடு வேணும், சீல் வேணும், ரிஜிஸ்டர் நம்பர் வேணும். சங்கம்னாதான் பயப்படுவாங்க" என்றார். ஊர் வழக்கம் அது. இங்கே தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் முதலில் ஒரு சங்கம் வைத்துவிட்டுத்தான் மின்வாரியத்துக்குப் போன் செய்வார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்கிறது சட்டம். எங்களிடம் இருந்தது மூன்று பேர். மீதி நான்கு பேரை மருந்துக்கடைக்காரர் ஒரே நாளில் பிடித்து வந்தார். அரிசி ஆலை முதலாளி, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், ஃபிளக்ஸ் அச்சடிப்பவர், மனை வியாபாரி. நான்கு பேரும் அவர் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள். அரிசி ஆலை முதலாளியின் கட்டடத்தில்தான் மருந்துக்கடையே இருந்தது.

இந்த ஊரில் யாரும் வெறும் உறுப்பினராகச் சங்கத்தில் சேர மாட்டார்கள். அரிசி ஆலை முதலாளி தலைவர் ஆனார். மண்டபத்துக்காரர் கௌரவத் தலைவர். மனை வியாபாரி புரவலர். டீச்சர் செயலாளர் ஆகியிருக்க வேண்டும். அரசு ஊழியராயிற்றே, எதற்கு வம்பு என்று ஃபிளக்ஸ்காரரைச் செயலாளர் ஆக்கினார்கள். பொருளாளர் பதவியையும் அவரே வைத்துக்கொண்டார். சரிவுக்குள் ஒரு முறையாவது கால் வைத்திருந்த மூன்று பேருக்கும் பதவி கிடைக்கவில்லை.

தொடக்க விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளக்ஸில் பனிமலையும் ஊசியிலைக் காடும் அருவியும் இருந்தன. அருவிக்குப் பக்கத்தில் ஒரு புலி. அதற்கு மேலே வட்ட வட்டமாக எங்கள் ஏழு பேரின் முகம். தலைவர் முகம் புலியை விடப் பெரியது, டீச்சர் முகம் ரேஷன் அட்டை அளவு. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று. பாலியஸ்டர். பிளாஸ்டிக் கப்பில் டீ, தெர்மாகோல் தட்டில் லட்டு. காடு நமது தாய் என்று தலைவர் பேசினார். விழா முடிந்ததும் அந்தக் கப்பையும் தட்டையும் மண்டபத்துக்குப் பின்னால் ஏரிக்கால்வாயில் கொட்டினார்கள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ரிஜிஸ்டர் நம்பர் வந்தா போதும் சார்" என்றார் என்னிடம். தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

ஒரு விஷயத்தை நான் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தலைவர் கெட்டவர் இல்லை. ஆலைக்கு வரும் பிச்சைக்காரர்களை விரட்ட மாட்டார். மேல்மலையனூருக்கு அமாவாசை தவறாமல் போவார். டீச்சரை உண்மையாகவே மதித்தார். ஒருநாள் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதால் டீச்சர் அவரைச் சரிவுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையோரம் நின்றவர், கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, ஒரே முள்ளா இருக்குது? காடு எங்க?"

"இதுதாங்க காடு."

"இதுவா?"

டீச்சர் ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் சொன்னார். எது தேவாங்குக்கு உணவு, எது மறைவிடம், எது பாறை வெடிப்பில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று விளக்கினார். தலைவர் பொறுமையாகத் தலையாட்டினார். அந்த முகத்தில் இருந்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கறுப்பாக இருப்பதைக் கண்டவரின் இரக்கம். கிளம்பும்போது, "பரவால்ல டீச்சர். வுடுங்க. நாம நல்லா பண்ணிடலாம்" என்றார்.

ஆட்சேப மனுவை நான் எழுதினேன். எழுத வேண்டிய முறையில் எழுதினேன். சர்வே எண், எல்லை, நீதிமன்றம் சொன்னது, டீச்சர் கொடுத்த தாவரப் பட்டியல், எல்லாம் இருந்தன. கீழே சங்கத்தின் சீல். மருந்துக்கடைக்காரர் சொன்னது பலித்தது, மனு சாகவில்லை. மூன்று துறை அதிகாரிகள் சேர்ந்து வந்து தணிக்கை செய்வார்கள் என்று கடிதம் வந்தது. நாள், அமாவாசைக்கு மறுநாள்.

அந்த வாரம் டீச்சர் விழுப்புரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். நான் கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி போய், அப்படியே என் தங்கை வீட்டில் தங்கிவிட்டேன். தணிக்கைக்கு முன்னால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. காடு ஏற்கெனவே இருந்தது, அதிகாரிகள் வரப்போகிறார்கள், வேறு என்ன வேண்டும்?

தலைவருக்கு வேறு என்னவெல்லாமோ தேவைப்பட்டது. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். இடம் இடமாக இருக்க வேண்டாமா? இந்த நாட்டில் ஓர் அதிகாரி ஓரிடத்துக்கு வருகிறார் என்றால் அந்த இடத்துக்கு என்ன நடக்கும் என்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். சாக்கடையைப் பார்க்க வந்தால் சாக்கடைமேல் பலகை போட்டுக் கோலம் போடுவோம். குடிநீர் இல்லை என்ற புகாரை விசாரிக்க வந்தால் அன்று காலை லாரித் தண்ணீர் விட்டுத் தெருவையே கழுவுவோம். வருகிறவர் எதைப் பார்க்க வருகிறாரோ அதை அவர் கண்ணில் படாமல் செய்வதற்குப் பெயர்தான் வரவேற்பு.

முறைப்படி கூட்டம் கூட்டினார்கள். பதவியில் இருந்த நான்கு பேரும் வந்தார்கள். ஏழு பேரில் நான்கு என்பதால் கோரம் இருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அமாவாசை அன்று காலை ஜே.சி.பி. வண்டிக்கு மாலை போட்டு, சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்து வேலையைத் தொடங்கினார்கள். மாலைக்குள் முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் வந்து இறங்கி ஓர் ஆட்டோ பிடித்து நான் சரிவுக்குப் போனபோது, தவறான பாதையில் வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாறைகள் இருந்தன. பாறைகளுக்கு நடுவில் செம்மண் மட்டும் இருந்தது. வண்டிச் சக்கரத்தின் தடம் அதன்மேல் தெளிவாகப் பதிந்திருந்தது. கயிறு பிடித்து நேர்கோட்டில் குழி தோண்டி, குழிக்கு ஒன்றாக நாட்டுப் பாதாம், மந்தாரை, புங்கன் கன்றுகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் தகடு. தகட்டில் உபயதாரர் பெயர். பாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. ஷாமியானா, குஷன் நாற்காலி, தண்ணீர் பாட்டில். நுழைவில் அதே புலியும் அருவியும், "வருக வருக" என்ற புதிய எழுத்துகளோடு. பிடுங்கிய செடிகளை எல்லாம் ஓர் ஓரத்தில் வைக்கோல் போர் அளவுக்குக் குவித்திருந்தார்கள். இலைகள் இன்னும் முழுசாக வாடவில்லை.

தலைவர் ஓடி வந்தார். புது வேட்டி.

"இன்னா சார், எப்படி இருக்குது? அடையாளமே தெரியல இல்ல?"

நான் ஓரத்தில் கிடந்த குவியலைக் காட்டினேன்.

"அந்தக் கண்றாவியப் போய் வர்ற ஆபீசர் மேடம் கிட்ட எப்படி சார் காட்றது? பாம்பு கீம்பு வந்துட்டா? அதான் நாள் பூரா கூடவே நின்னு முடிச்சேன். டீச்சருக்கு சர்ப்ரைசா இருக்கட்டும்னு சொல்லல."

அவர் கிரஷர்காரரிடம் காசு வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லஞ்சம் எனக்குப் புரியும். அதற்கு ஓர் அளவு உண்டு, வாங்கியவனுக்கு உள்ளூர ஒரு கூச்சமாவது உண்டு. இந்த மனிதர் சொந்தப் பணத்தைச் செலவழித்து, வெயிலில் நின்று, முழு மனதோடு செய்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முந்தைய நாளே தெரியும் என்பது பார்த்ததும் புரிந்தது. என் முகத்தைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்தார்.

டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நடந்துபோய்க் குவியலுக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒரு கிளையை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அப்போது அதிகாரிகளின் வண்டிகள் வந்துவிட்டன.

மூன்று பேரில் பதவியில் மூத்தவர் முப்பது சொச்சம் வயதுள்ள ஒரு பெண் அதிகாரி. பொன்னாடையை வாங்க மறுத்தார், நாற்காலியில் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கூடவே கிரஷர்காரரும் வந்திருந்தார். விண்ணப்பதாரர் என்ற முறையில் அவருக்கும் கடிதம் போயிருந்தது. அவர் சரிவைப் பார்த்தார், கூண்டுகளைப் பார்த்தார், தலைவரைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"இன்னா தலைவரே, நான் செய்ய வேண்டிய வேலைய நீங்களே செஞ்சி வெச்சிட்டீங்க? வண்டிக்கு டீசலாவது நான் போட்டிருப்பேனே!"

தலைவருக்குப் புரியவில்லை. "எல்லாம் ஊருக்காகத்தான்" என்று பதிலுக்குக் கும்பிட்டார்.

அதிகாரியம்மா கையிலிருந்த எங்கள் மனுவைப் பிரித்தார். "மனுவுல அடர்ந்த இயற்கைக் காடுன்னு எழுதியிருக்கீங்க. எங்க?"

டீச்சர் குவியலிலிருந்து ஒருவழியாகப் பிடுங்கிய கிளையோடு வந்தார். கையில் முள் கிழித்து ரத்தம் வந்திருந்தது. "இது வக்கணை, மேடம். அங்க கிடக்கிறது களா. நேத்து காலைல வரைக்கும் நிலத்துல இருந்துச்சு."

"இப்போ நிலத்துல இல்லயே, டீச்சர். நான் நிலத்துல இருக்கிறதைத்தான் எழுத முடியும்."

நான் குறுக்கிட்டேன். இது புதிதாக அழிக்கப்பட்டது, சக்கரத் தடம்கூட மறையவில்லை, முன்பு காடு இருந்தது என்பதை அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முறை தெரிந்தவன் என்று கண்டுகொண்டார்.

"எழுதலாம் சார். ஆனா அப்படி எழுதினா, அரசாங்கக் காட்டை அனுமதி இல்லாம அழிச்சது யாருன்னும் எழுதணும். அவங்க மேல நடவடிக்கையும் எடுக்கணும். யாரு அழிச்சது?"

ஃபிளக்ஸ்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மண்டபத்துக்காரரைப் பார்த்தார்.

"கேஸாம்மா?" என்றார் தலைவர். "மேடம், கேஸ்லாம் எதுக்கு மேடம்? இங்க காடே கிடையாதே. வெறும் முள்ளு. வேணும்னா யாரை வேணாலும் கேளுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

கொடுத்தார்கள். செயலாளர் பையிலிருந்து லெட்டர் பேடை எடுத்தார். "மேற்படி இடத்தில் இயற்கைக் காடு எதுவும் இருந்ததில்லை என்றும், பொதுமக்களுக்கு இடையூறான முட்புதர்கள் மட்டுமே இருந்தன என்றும், அவற்றைச் சங்கத்தின் சார்பில் சுத்தம் செய்து மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன என்றும் தெரிவித்துக்கொள்கிறோம்." நான்கு கையெழுத்து. சீல். வனப் பாதுகாப்புச் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ வாக்குமூலம் அதுதான்.

மருந்துக்கடைக்காரரிடம் படங்கள் இருந்தன. அந்தச் சரிவில் எடுத்தவை. செடி, தேவாங்கு, எல்லாம். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, போனைக் காட்டுங்க."

"சார்ஜ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். அது பைக்குள் ஒரு முறை மணியடித்து ஓய்ந்தது. கடை தலைவரின் கட்டடத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் அதிகாரியிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினார். இந்தச் சரிவில் காடு இருந்தது. நான் உறுப்பினராக உள்ள சங்கம் அதை அழித்தது. இது எனக்குத் தெரியும். அவ்வளவுதான். நான் பக்கத்தில் போய்ச் சன்னமாகச் சொன்னேன்.

"டீச்சர், நீங்க கவர்மென்ட் சர்வன்ட். இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேல மெமோ வரும். சங்கம் தப்பிச்சிடும், நீங்க மாட்டிக்குவீங்க."

"வரட்டும் சார்."

"கொஞ்சம் யோசிங்க."

"நீங்களும் போடுறீங்களா, இல்லயா?"

போட்டேன். ஓய்வூதியக்காரனை யாரும் ஒன்றும் பிடுங்க முடியாது. எனக்கு அதில் பெருமை எதுவும் இல்லை.

அதிகாரியம்மா இரண்டு தாள்களையும் வாங்கிப் படித்தார். "மனு குடுத்தது சங்கம். சங்கமே காடு இல்லைன்னு சொல்லுது. உங்க ரெண்டு பேர் சொல்றதைத் தனியா இணைச்சு அனுப்புறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழி இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அருவருப்பு என்னவென்றால், அந்த இடத்தில் சட்டத்தை மீறியது யாருமில்லை என்று முடிவாகிவிட்டது. காடும் இல்லை, அதை அழித்தவனும் இல்லை.

குவாரி உரிமம் கிடைத்துவிட்டது. ஆணையின் நகலை வாங்கிப் படித்தேன். சுற்றுச்சூழலைப் பேணும் பொருட்டுக் குவாரியின் எல்லையைச் சுற்றிப் பசுமை வளையமாக மரக்கன்றுகள் நட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அடுத்த வாரமே தலைவர் போன் செய்தார்.

"சார், நல்ல சேதி. கிரஷர்காரரு பசுமை வளையம் போடுறாராம். கன்னு நடுற பொறுப்பை நம்ம சங்கத்துக்கே குடுத்துட்டாரு. கூண்டெல்லாம் இருக்குது, அப்படியே தூக்கி ஓரமா வெச்சிக்கலாம். ஞாயித்துக்கெழமை வந்துடுங்க. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க, ஒரு ஷீல்டு குடுக்கலாம்னு இருக்கோம்."

"எதுக்கு ஷீல்டு?"

"இன்னா சார் இப்படிக் கேக்கிறீங்க? இதெல்லாம் ஆரம்பிச்சி வெச்சதே அவங்கதான?"

நான் போனை வைத்துவிட்டேன். சங்கத்திலிருந்து விலகுவதாகப் பதிவுத் தபாலில் எழுதினேன். அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தி வழியனுப்ப விரும்புவதாகப் பதில் வந்தது. மருந்துக்கடைக்காரர் தினமும் காலையில் ஒரு பறவைப் படம் அனுப்புகிறார், வணக்கத்தோடு. நான் திறப்பதில்லை. மாத்திரையை இப்போது காந்தி பஜாரில் வேறு கடையில் வாங்குகிறேன்.

டீச்சருக்குக் கல்வித் துறையிலிருந்து மெமோ வந்தது. அரசாங்க நிலத்தில் நடந்த அழிவில் தமக்கும் பங்கு உண்டு என்று தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இந்த மாதிரி மெமோவை எப்படி மூடுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். பதில் எழுதி அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆர்வ மிகுதியால் முட்புதரைக் காடு என்று தவறாகக் கருதி அவ்வாறு எழுதிவிட்டேன், வருந்துகிறேன். இதை அனுப்பினால் கோப்பு அன்றே தூங்கிவிடும்.

டீச்சர் படித்தார். அவர் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சார் சொல்றபடி அனுப்பிடேன். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்குது" என்றார்.

"முட்புதரா சார்?" என்றார் டீச்சர்.

"ஒரு வார்த்தைதான டீச்சர்."

"தலைவரும் இதைத்தான எழுதிக் குடுத்தாரு."

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தானே ஒரு பதில் எழுதினார். அதில் வருத்தம் இருந்தது, காடு போனதற்காக. அதில் தாவரப் பட்டியலும் இருந்தது. அலுவலகக் கோப்பில் அப்படி ஒரு பதிலை நான் பார்த்ததே இல்லை. இது நிச்சயம் தண்டனையில் முடியும் என்று சொன்னேன். முடிந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்.

ஆணை கைக்கு வந்த அன்று பள்ளி விட்டதும் நேரே என் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில்தான் மலைப்பக்கம் வெடி வைப்பார்கள். முதலில் சைரன் கேட்கும், பிறகு ஜன்னல் கண்ணாடி அதிரும். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு ஆணையை என் முன்னால் வைத்தார்.

"ரெண்டாவது பாராவைப் படிங்க சார்."

படித்தேன். "மேற்படி சர்வே எண்ணில் அமைந்திருந்த இயற்கைக் காட்டை அழித்த சங்கத்தில் தாங்கள் உறுப்பினராக இருந்தது விசாரணையில் நிரூபணமானதால்..."

இரண்டாம் முறையும் படித்தேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரிவு எழுத்தருக்கு மாலை பேருந்தைப் பிடிக்கும் அவசரம். டீச்சரின் பதிலை முன்னால் வைத்துக்கொண்டு வாக்கியத்தை அப்படியே எடுத்து ஆணையில் எழுதியிருக்கிறார். மேலே இருந்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓர் அலுவலகம் காடே இல்லை என்று குவாரிக்கு உரிமம் கொடுக்கிறது. இன்னோர் அலுவலகம் அதே சர்வே எண்ணில் காடு இருந்தது, நிரூபணமானது என்று டீச்சரைத் தண்டிக்கிறது. இரண்டிலும் அரசாங்க முத்திரை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுமேல அப்பீல் போட்டா உங்க இன்கிரிமென்ட் கிடைச்சிடும் டீச்சர்" என்றேன். "ஆதாரம் இல்லன்னு சுலபமா ரத்து பண்ணிடலாம்."

"இதுமேல வேணாம் சார். இது அப்படியே இருக்கட்டும். இதை ஆதாரமா வெச்சு குவாரி மேல அப்பீல் போட முடியுமா?"

யோசித்தேன். அவர் தனி ஆளாகப் போடலாம், சங்கம் தேவையில்லை. காலக்கெடு தாண்டிவிட்டது, தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வைக்க வேண்டும். இந்த ஆணை செல்லுபடியாக இருக்க வேண்டுமென்றால் அவருடைய தண்டனையும் செல்லுபடியாக இருக்க வேண்டும். தடை உத்தரவு உடனே கிடைக்காது. கிடைக்கும்வரை வெடி வைத்துக்கொண்டே இருப்பார்கள், கல் போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிவுக்கு மேற்கால ஒரு ஓரம் இன்னும் மிச்சம் இருக்குது சார். ஜே.சி.பி. ஏற முடியாத பாறை. நேத்து போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார் டீச்சர். "எழுத ஆரம்பிங்க. எனக்கு அஞ்சு மணிக்கு பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் இருக்குது."